பிள்ளைக்கென்று மடித்த சேலை

அக்கா,

தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வசம்பு வாசனைதான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் பழைய துணி தேடிக்கொண்டிருந்தேன். "புதுசு வேணாம்மா, பழைய நூல் சேலையா கொண்டாங்க, அதான் மெத்துன்னு இருக்கும்" என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள் வீட்டில் துணிக்கா பஞ்சம் என்பீர்கள். இருப்பதெல்லாம் பாலியஸ்டர், ஒரு சொட்டுக்கூட உறிஞ்சாது. பெட்டியின் அடியில் கையை விட்டபோது உங்கள் ஊதாக் கட்டம் போட்ட சேலை அகப்பட்டது. எடுக்க மனம் வராமல், பெட்டியைச் சாத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள். நாளைக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர மனம் ஒப்பவில்லை. போன தடவையும் இப்படித்தான் தலையாட்டினேன், பிறகு போகவில்லை. ஏன் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, உடுத்தி உடுத்தி நைந்த நூல் சேலையில்தான் முதலில் சுற்றவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நீங்கள் மூத்தவர், இரண்டு பெற்றவர். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று தெருவே காத்திருந்தது, நாம்தான் ஏமாற்றிவிட்டோம். ஒருநாள் அந்தச் சேலையைத் துவைத்து, வெயிலில் போட்டு, நான்காக மடித்து, நடுவில் இரண்டு வசம்புத் துண்டு வைத்து என் பெட்டியில் போட்டீர்கள்.

"ஒம் புள்ளைக்கு இதான் மொதத் துணி. என் சேலையில சுத்துனா என் கொணம் வந்துடும். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத."

நான் சிரித்தேன். அப்போது சிரிப்பு வந்தது.

சம்பா நடவு நடந்த அந்த நாளை நீங்கள் எப்படி மறந்திருப்பீர்கள்! எனக்கு நாள் தள்ளி இரண்டாம் மாதம். பிள்ளைதான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். டாக்டரிடம் போய்ப் பார்ப்போம் என்றதற்கு, "மூணு மாசம் ஆவட்டும். அதுக்குள்ள வெளில தெரிஞ்சா கண்ணு பட்டுடும்" என்று அடக்கினீர்கள். நடவுப் பெண்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தோம். நான் முன்னால், நீங்கள் பின்னால். தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. நான் கட்டியிருந்தது வெளிர் மஞ்சள் சேலை. வயல் முழுக்கப் பெண்கள். நான் கல்லாக நின்றுவிட்டேன்.

பின்னால் வந்த நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தொபுக்கென்று சேற்றில் விழுந்தீர்கள். சோற்றுக்கூடையும் குழம்புத் தூக்கும் நம்மோடு விழுந்தன. நட்ட நாற்று நசுங்கியது. நடவுக்காரப் பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னடி, ஓரகத்தி ரெண்டு பேரும் வயல்ல எறங்கிச் சண்டையா?" என்று கேட்டார்கள்.

"ஆமாண்டி! சோறு யாருக்குன்னு அடிச்சிக்கிறோம். ஒங்களுக்கு இன்னிக்கிப் பட்டினிதான்" என்றீர்கள். வயலே சிரித்தது. தலையோடு கால் சேறாக இருந்த என் மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பம்ப்செட் தொட்டியில் நின்று என் சேலையை நீங்களே அலசினீர்கள். சேறு போன பிறகும் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அப்போதுதான் அழுதீர்கள், என்னைவிட அதிகமாக.

அது பிள்ளையா, தள்ளிவந்த தீட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிள்ளைதான் என்று கடைசிவரை சாதித்தீர்கள். அதன் பிறகு என் உடம்பு எந்தச் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. வைத்தியம் பார்த்தோம், வேண்டுதலும் வைத்தோம். நாள் தள்ளும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பெட்டியைத் திறந்து பழைய வசம்பை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பீர்கள். நான் பார்க்காத மாதிரி தையல் மெஷினில் குனிந்துகொள்வேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு எல்லாம் தலைகீழ். பிள்ளை வராதா வராதா என்றிருந்தது போய், ரத்தம் நிற்காதா நிற்காதா என்று ஆயிற்று. தையல் மெஷினை மிதித்தால் கொட்டும், குனிந்து நிமிர்ந்தால் கொட்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். உள்ளங்கை வெள்ளைத்தாளாக வெளுத்துவிட்டது. எந்த நேரமும் தீட்டு என்றால் விளக்கேற்றுவது எப்படி என்று நான் ஒதுங்கி நின்றபோது, "மூணு நாளுக்குத்தான்டி சட்டம். அதுக்கு மேல சாமி கேக்காது, போயி ஏத்து" என்று தீப்பெட்டியைக் கையில் திணித்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களைக் கும்பிடலாம்.

மாத்திரை தின்றேன். உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு மருந்து வளையத்தை உள்ளே வைத்தார்கள், அதுவும் ரத்தத்தோடு வெளியே வந்துவிட்டது. ரத்தம் ஏற்றினார்கள். கடைசியில் தஞ்சாவூர் டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "கேன்சர்லாம் இல்லம்மா, டெஸ்ட்ல நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா உள்ள கட்டி நெறைய இருக்கு. ரத்தம் ஏத்தி ஏத்தி எவ்வளவு நாள் ஓட்டுறது? கர்ப்பப்பைய எடுத்துடலாம்."

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "இவளுக்கு இன்னும் புள்ள பொறக்கலிங்க, டாக்டர்."

தலை நரைத்து உட்கார்ந்திருந்த என்னைக் காட்டிச் சொன்னீர்கள். டாக்டரம்மா உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார்.

"அதெல்லாம் யோசிக்கிற கட்டம் தாண்டிடுச்சும்மா."

"எப்பங்க தாண்டுச்சு?" என்று கேட்டீர்கள்.

சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். டாக்டரம்மா அடுத்த சீட்டை எடுத்தார். நீங்கள் கேட்டதிலிருந்து நானும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாத. அறுப்பு முடியட்டும்" என்றீர்கள். தலையாட்டினேன். அறுப்பு முடிந்தது. அதற்குள் உங்கள் காலில் புண் வந்து, சர்க்கரை ஏறி, பங்குனியில் நீங்களே போய்விட்டீர்கள். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனீர்கள். சரி, எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு உங்கள் மேல் கோபம்தான், அக்கா. எனக்கு நம்பிக்கை செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்காகத்தான் இதைச் சுமந்துகொண்டிருந்தேன். உங்கள் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோதுகூட இந்தச் சேலையை எடுக்க விடவில்லையே. "அது ஒனக்கு வச்சதுடி. அவளுக்கு வேற பாத்துக்கலாம்" என்றீர்கள். சொந்தப் பேரனுக்குக்கூடக் கொடுக்காமல் எனக்கென்று வைத்திருந்தீர்கள். அந்த அன்பின் கனம் தாங்க முடியவில்லை.

நேற்று உங்கள் கொழுந்தனாரிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று. "ஒன் இஷ்டம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசுகிற பேச்சு இது ஒன்றுதான். என் இஷ்டப்படி எது நடந்திருக்கிறது? எடுத்தால் ரத்தம் நிற்கும், மாடிப்படி ஏறலாம். அவ்வளவுதான். எதுவும் திரும்பி வரப்போவதில்லை. எடுக்காவிட்டாலும் வரப்போவதில்லை. இந்தப் புத்தி இருந்தும், உள்ளே இருக்கிறவரை ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஒரு மூலையில் படுகிறது. அதைத்தான் அறுத்து எடுக்கப்போகிறார்கள்.

இன்று மத்தியானம் நிற்கிற இடத்திலேயே மறுபடி கொட்டியது. கண் இருட்டி மெஷினைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வெளியே நடவு மெஷின் ஓடுகிற சத்தம். சேற்றில் இழுத்துத் தள்ள நீங்களும் இல்லை. போவது என்று அப்போது முடிவு செய்தேன். தைரியம் வந்து எடுத்த முடிவு இல்லை. இனி முடியவில்லை.

பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தேன். ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். நூல் சேலைக்குக் கத்தரி வேண்டாம், தானே நேராகக் கிழியும். சத்தம் கேட்டு அவர் வந்து வாசற்படியில் நின்றார்.

"அது அண்ணியோடதுல்ல?"

"ஆமாங்க."

"வேற துணி இல்லியா?"

"இல்ல."

எதிரில் உட்கார்ந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து கிழித்தோம். ஒவ்வொரு துண்டாக மடித்துப் பைக்குள் வைத்தேன். பிள்ளைக்கென்று நீங்கள் வைத்த துணி நாளைக்கு என் ரத்தத்தைத் துடைக்கும். மன்னிப்பு ஒன்றும் கேட்கப்போவதில்லை. உங்கள் சேலைதானே, என்னைத் துடைத்துப் பழகியவர் நீங்கள்தானே.

முந்தானை வந்ததும் கை நின்றுவிட்டது. ஒரு கைப்பிள்ளையைச் சுற்றுகிற அளவு மிச்சம் இருந்தது. அவர் தன் முனையை விட்டுவிட்டு எழுந்து போனார். அதை மட்டும் கிழிக்காமல் நான்காக மடித்தேன். நீங்கள் கடைசியாக வைத்த வசம்பை எடுத்துவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு துண்டு வாங்கிவந்து நடுவில் வைத்தேன். பெட்டியின் அடியிலேயே போட்டு மூடிவிட்டேன்.

எதற்கு என்று கேட்காதீர்கள், அக்கா.