ராஜாவின் அறையும் ராகிக் குழியும்

14-6-1954, திங்கள்

ஓசூரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும்வரை பேப்பர் படித்தேன். எகிப்தில் பெரிய பிரமிடு பக்கத்தில் ஒரு முழு மரப்படகு கிடைத்திருக்கிறதாம். நாலாயிரத்தைந்நூறு வருஷப் பழசு. செத்த ராஜா சூரியனோடு வானத்தில் போக வைத்ததாம்!

மாசியில் மார்வலி வந்து பிழைத்ததிலிருந்து எனக்கும் இதே நினைப்பு. பிள்ளையும் இல்லை. சென்னப்பன் என்று ஒருத்தன் இருந்தான் என்று யார் சொல்வார்கள்?

16-6-1954

மீதியையும் படித்தேன். ராஜாவின் கல்லறை வெறும் குழி இல்லை, வீடு. உடம்பு கெடாமல் இருக்கக் கல் அறை, அதற்குச் சரிவாக ஒரு வழி. கல்லில் செதுக்கிய பொய்க்கதவு ஒன்று. மனுஷன் திறக்க முடியாது, ஆவி மட்டும் வந்து ரொட்டியும் பீரும் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே பெயர். யாராவது வாய்விட்டுச் சொல்லும்வரை செத்தவனுக்கு உயிர் உண்டாம்.

நானும் ஒன்று கட்டப்போகிறேன். மேற்கு மேட்டில். சூரியன் மறையும் பக்கம்தான் செத்தவர்கள் பக்கம். படகு வேண்டாம், பெண்ணையாற்றில் முழங்கால் தண்ணீர். மாட்டுவண்டி போதும்.

17-6-1954

நாகம்மாவிடம் சொன்னேன். "உசுரோட இருக்கிற ஆளுக்குக் குழி வெட்டுவாங்களா? முதல்ல என்னைப் போட்டு மூடுங்க." களியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் என் பெயரைச் சொன்னதே இல்லை. ஜனக்கணக்கு எடுக்க வந்தவர் கேட்டபோது, பக்கத்து வீட்டு மாரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். ஊர் வழக்கம்தான். ஆனால் பெண்டாட்டியே சொல்லாத பெயரை வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

24-6-1954

மேட்டில் அறை வெட்டச் சொல்லியிருந்தேன், சாந்த் பாஷா மேஸ்திரி வேலையை முடித்துவிட்டார். போய்ப் பார்த்தால் சரிவு வழியும் இல்லை, பொய்க்கதவும் இல்லை. மேலே ஆள் இறங்குகிற வாய், உள்ளே பானை வயிறு. அச்சு அசல், ராகியைக் கொட்டி மூடி வைக்கிற ராகிக் குழி!

"தரைக்குள்ள அறைன்னீங்க. நான் இதுவரைக்கும் வெட்டினது முன்னூறு குழி, முன்னூறும் ராகிக்குத்தான். கை தானா அப்படிப் போயிருச்சுங்கய்யா."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது.

நாகம்மா பேசி ஒரு வாரம் ஆகிறது. சகிக்கவில்லை.

26-6-1954, சனி

இன்று நடந்ததை இன்றே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் குழிக்குள் இறங்கி, ராஜா மாதிரி மார்பில் கை வைத்துப் படுத்துப் பார்த்தேன். புதுமண், என்ன குளிர்ச்சி! குழியில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்க்க வேண்டும். அணைந்தால் உள்ளே விஷக்காற்று. புதுக்குழிதானே என்று நான் பார்க்கவில்லை. படுத்தவன் தூங்கிவிட்டேன்.

"சென்னப்பா! ஐயோ சென்னப்பா! எந்திரி!"

கண்ணைத் திறந்தால் மேலே வட்ட வெளிச்சத்தில் நாகம்மா முகம். சாப்பாட்டுக்குக் காணோமே என்று தேடி வந்திருக்கிறாள். என் செருப்பு கிடக்கிறது, விளக்கைக் காணோம். "ஏங்க, ஏங்க" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாளாம். நான் அசையவில்லை. பிறகுதான் அந்தக் கத்தல். மேட்டில் களை எடுத்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

ஏறி வந்ததும் முதுகில் இரண்டு வைத்தாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். செத்தபின் கேட்க நினைத்ததை உயிரோடு கேட்டுவிட்டேன். இனி எதற்குச் சமாதி?

12-12-1954, ஞாயிறு

இருபது மூட்டை ராகி குழியில் இறங்கியது. பாஷா வாயை மூடி மண் பூசினார். ஊரே 'சென்னப்பன் குழி' என்கிறது. நாகம்மா மட்டும் 'அவங்க குழி' என்கிறாள்.

"பேரு மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

"அவசரத்துக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்," என்றாள்.