சாரை எங்கே விடலாம்?

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளி முடிந்ததும் நான் என்ன ஆவது என்று இன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். சிறப்புப் பிரிவு சார், தலைமையாசிரியை, அம்மா. நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சார் அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார்: “பொண்ணுக்குக் கவர் ஒட்டுற இடம் ஒத்துக்கும்ல? தனியா பாத்ரூம் போவாளா?”

எனக்குப் பதினெட்டு வயது. பேச்சுதான் இழுத்து இழுத்து வரும். காது நன்றாகவே கேட்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையாட்டிவிட்டாள்.

விடமாட்டேன்.

பிப்ரவரி 6

அம்மாவோடு பேச்சில்லை. “மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதடி, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.” என் நல்லது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 13

சார் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறாராம். ஆகா!

பிப்ரவரி 20

கண்ணாடி முன் ஒத்திகை. ‘ரிட்டயர்’ என்பதில் நாக்கு மாட்டுகிறது. மாட்டட்டும். கேட்பவர்கள் காத்திருக்கட்டும்.

மார்ச் 4

இரண்டாவது கூட்டம். சார் பக்கம் திரும்பவே இல்லை. தலைமையாசிரியையிடம் கேட்டேன்: “சார்... ரிட்டயர் ஆனதும்... அவரை எங்க விடலாம், மேடம்? கவர் ஒட்டுற இடம்... ஒத்துக்குமா? தனியா... பாத்ரூம் போவாரா?”

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். வலித்தது, இனித்தது.

அப்புறம் சார் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “சரி, நீயே சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

எல்லோரும் காத்திருந்தார்கள். என்னிடம் பதிலே இல்லை! இத்தனை நாளும் அவரைக் குத்துவதற்கு மட்டும்தானே யோசித்தேன்? பாவி மனுஷன்... இதை முன்னாடியே கேட்டுத் தொலைச்சிருந்தா நானும் யோசிச்சு வெச்சிருப்பேன்ல?

மார்ச் 5

அழுதேன். அவர் முன்னால் இல்லை.

மார்ச் 18

“பார்க்காம எப்படிச் சொல்றது?” என்று கேட்டேன். அதனால் சார் இப்போது என்னை இடம் இடமாக அழைத்துப் போகிறார். அச்சகம் — மை நாற்றம், வேண்டாம். தையல் கூடம் மூன்றாவது மாடி. வேண்டுமென்றேதான் அதைக் கேட்டேன். நான் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது. இன்னும் மன்னிக்கவில்லை.

ஏப்ரல் 9

கால்நடை மருத்துவமனை. கட்டுப் போட்ட நாய் ஒன்று என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. நகர மனம் வரவில்லை.

டாக்டரம்மா சாரிடம் கேட்டார்: “இந்தப் பொண்ணுக்கு இங்க வேலை பழகப் பிடிக்குமா?”

“அவகிட்டயே கேளுங்க.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். வழக்கத்தைவிட மெதுவாகவே பதில் சொன்னேன். சார் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.