கட்டிலுக்கடியில் மணல் மூட்டை

ராலின்ஸ், வயோமிங்

அன்புள்ள லொரெட்டா,

அறுத்துத் தைத்த முழங்கால் இப்போது மடங்குகிறதா? உன் தம்பி வீட்டில் மாடிப்படி ஏறாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வரும் வழியில், மலை இறக்கத்தில் காற்று கொஞ்சம் தள்ளியது. வண்டிக்குப் பின்னால் இழுத்து வந்த நம் டிரெய்லர் வீடு வாலை ஆட்டியது, அவ்வளவுதான். கண்ணாடியில் அதன் பின்பக்கம் இடப்புறம் தெரிந்தது, உடனே வலப்புறம் தெரிந்தது. டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினேன். நேரானதும் ஓரங்கட்டினேன்.

இங்கே பக்கத்து டிரெய்லரில் இருக்கும் வெல்டர் வெர்னா, வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கியில் எடையைப் பங்கிடும் கம்பிகளையும், அவற்றை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியையும் குனிந்து பார்த்தாள்.

“யோவ் டெல்பர்ட், சங்கிலிய போன வருஷம் மாட்டின அதே கண்ணியிலயா மாட்டியிருக்க? அப்போ முன்னாடி என்ன ஏத்தியிருந்த?”

“லொரெட்டாவோட தையல் மெஷின், பீச் பழ பாட்டிலுங்க, துணிப்பெட்டி.”

“அதையெல்லாம் எறக்கிட்டு, உன் சாமானப் பின்னாடி ஏத்திட்டியா? மூக்கு லேசானா வாலு ஆடாம என்னய்யா செய்யும்? உன்ன ரோட்டுல புடிச்சு வெச்சிருந்ததே அவதான்!”

கருவிகளை முன்னே மாற்றினோம். முன்பக்கம் இருக்கும் உன் கட்டிலுக்கடியில் மணல் மூட்டை போட்டோம். உயரத்தை அளந்து சங்கிலியைப் புதிதாக மாட்டினோம். வண்டி மட்டமாக நிற்கிறது. அடுத்த வேலைக்கும் அதே மலையில்தான் இறங்க வேண்டும்.

தையல் மெஷினை எடை போட்டு எழுது, அந்த அளவுக்கு மணலைச் சரிசெய்கிறேன். நீ தூக்காதே, தம்பி தூக்கட்டும். பீச் பாட்டில் ஒன்று அனுப்பு. எடைக்காக இல்லை, அந்த இறக்கத்தில் பக்கத்து இருக்கையில் உன்னுடையது ஏதாவது இருக்க வேண்டும்.

காற்று எழும்புகிறது, சங்கிலியைப் பார்க்க ஓடுகிறேன்.

உன் டெல்பர்ட்