போடிமெட்டிலிருந்து தெரிந்த நம் வீடு

ஆத்தா தமிழினி,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நான் நல்ல சுகம். எஸ்டேட்டில் ஏலக்காய் சீசன், ஊருக்கு இறங்க லீவு இல்லை. ஞாயிறு அரைநாள் கிடைத்ததும் தொப்பி மாட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு நானும் டூர் போனேன்! சூடான பஜ்ஜி, முகத்தில் மேகம். அங்கே காசுக்குக் காட்டும் பைனாகுலரில் கீழே போடி தெரிந்தது. "அந்தா எங்க வீடு!" என்று டூர் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி, கையும் ஆட்டினேன். பைனாகுலர்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அது கோழிப்பண்ணைண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள், நானுந்தான்.

வரும் ஞாயிறு மதியம் அம்மாவின் மாம்பழ மஞ்சள் சேலையை மொட்டைமாடியில் காயப்போடு. பக்கத்திலேயே இருவரும் நில்லுங்கள். அம்மாவிடம் காரணம் சொல்லாதே, கேலி பண்ணுவாள். மேகம் மறைத்தால் உடனே இறங்கிவிடாதீர்கள், விலகும்வரை நான் நிற்பேன்.

ஜீப்பு கிளம்புகிறது, டிரைவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கோழிகளுக்குக் கையாட்டிய
உன் அப்பா