உன் மனையில் எரியும் நீலச் சுடர்

மம்சாபுரம்
10-12-1995

அஸ்ஸலாமு அலைக்கும். மதிப்பிற்கும் பாசத்திற்கும் உரிய மகன் சேக் முகைதீனுக்கு உன் தாயார் எழுதும் மடல். இறையருளால் நானும் உன் அத்தாவும் சுகம். சவூதியில், தம்மாமில் குளிர் தொடங்கியிருக்கும், உன் உடல்நலம் குறித்து அறிய ஆவல். சென்ற மாதமே வந்து சேர்ந்த உன் கடிதத்திற்கு இத்துணைத் தாமதமாக மறுமொழி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும். தெருவில் நடந்த ஒரு காரியம் முடிவு தெரியாமல் எழுத மனம் ஒப்பவில்லை.

தை பிறந்ததும் பள்ளிவாசலுக்குத் தெற்கேயுள்ள உன் மனையில் வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டச் சொல்லியும், அங்கிருக்கும் சாண எரிவாயுக் கலனை அதற்குள் அகற்றச் சொல்லியும் எழுதியிருந்தாய். அந்தக் கலன் வந்த காரணத்தை நீ அறிவாய். மலையை அணில் சரணாலயம் ஆக்கிய பிறகு அந்த மனையை அடுத்திருக்கும் கருத்தம்மாள் முதலானோர் விறகுக்குப் போக வழியில்லாமற் போயிற்று. ஒன்றிய அலுவலகத்தார் கலன் கட்டித்தர முன்வந்தபோது வேறு இடம் அமையாததால், நீ வீடு கட்டும் வரை இருக்கட்டும் என்று உன் சம்மதத்தோடுதான் அவ்விடத்தைக் கொடுத்தோம். இன்று அதைச் சுற்றியுள்ள ஏழு வீடுகளில் அதுதான் எரிகிறது. விறகுப் புகையால் வந்த கருத்தம்மாளின் இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. கழிவுச் சாணம் தென்னைக்கு உரமாகப் போகிறது.

வரும் நோன்புக்கான கஞ்சியையும் இதிலேயே காய்ச்சலாம் என்று நான் பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்குச் சொல்லி அனுப்பினேன். வண்டி வண்டியாகப் புளிய விறகு எரிப்பது மிச்சமாகும் அல்லவா. தலைவர் பீர் முகமது அண்ணன் நம் வாசலுக்கே வந்துவிட்டார். ஏம்மா நூர்னிசா, சாணியில காய்ச்சுன கஞ்சியக் குடிச்சா நோன்பு தொறக்கச் சொல்லுத என்று கேட்டார். அண்ணே, சட்டிக்குள்ள சாணி வராது, குழாயில காத்துத்தான் வருது, புளியமரம் மட்டும் பன்னீரக் குடிச்சா வளந்துச்சு என்று நானும் கேட்டேன். சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஒன்றிய அதிகாரிகளும் அன்றே வருவதாக அறிவித்தார்கள்.

இங்கேதான் பிழை நேர்ந்தது. சாணம் கரைத்து ஊற்றும் மாரிசாமி, பெரியவர்கள் வரும் இடம் நாறக்கூடாது என்ற மரியாதையில், அந்த வாரம் முழுவதும் கரைக்கும் தண்ணீரில் பினாயிலைக் கலந்து ஊற்றியிருக்கிறான். வெள்ளியன்று அத்தனை பேரும் சுற்றி நிற்க அடுப்பைத் திருகினால், சுடர் ஒருமுறை துடித்துவிட்டு அணைந்துபோயிற்று. அவிய மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிறக் கூடாதேன்னுதான் ஊத்துனேன் என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். கருத்தம்மாள் விடவில்லை. ஏலே மாரிசாமி, மாட்டுக்குச் சீக்குன்னா மருந்து ஊத்துவாக, நல்லாத் தின்னுக்கிட்டு இருந்த கோபர் கேஸுக்கு எதுக்குலே மருந்து ஊத்துன என்றாள். பினாயில் மணக்கும் அந்த இடத்தில் அதிகாரிகள் உட்பட யாவரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கலன் கட்டிய சௌந்தரபாண்டியன் என்ற மேற்பார்வையாளர், உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாணத்தைத் தின்றுதான் வாயுவைத் தருகின்றன, பினாயில் அவற்றைக் கொன்றுவிட்டது என்று விளக்கினார். பாதியை இறைத்துக் கொட்டிப் புதுச் சாணம் கரைத்து ஊற்றிக் காத்திருந்தோம். அவர் இன்னொன்றும் சொன்னார். திறந்த குழியில் அழுகும் சாணத்தின் வாயு வானில் கலந்து பூமியைச் சூடாக்குகிறதாம், வெளிநாடுகளில் அதைப் பற்றி ஆராய்கிறார்களாம். அங்குள்ள பத்திரிகைகளில் அத்தகைய கட்டுரை கண்டால் கத்தரித்து அனுப்பு. அகராதியை வைத்துக்கொண்டு படித்துக்கொள்வேன்.

போன வியாழக்கிழமை நீலச் சுடர் திரும்பி வந்தது. பீர் முகமது அண்ணன் தாமே அரிசி கொண்டுவந்து ஒரு சட்டிக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, நின்றபடியே குடித்தார். புகை வாடை இல்லாம ருசி ஒரு மாத்துக் கம்மிதான், ஆனா கண்ணு எரியல, இந்த நோன்புக்கு இங்கயே காய்ச்சிருவோம் என்று சொல்லிவிட்டார்.

மகனே, கலன் பூமிக்குள் செங்கல்லால் கட்டப்பட்டது. அகற்றுவதென்றால் உடைப்பதுதான். தை பிறந்து ஒரு வாரத்தில் நோன்பு தொடங்கும். கொத்தனார் ஐயாதுரை தினமும் வந்து, யம்மா, எப்ப முளை அடிக்க என்று கேட்கிறார். உன் கடிதம் வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நாம் குடியிருக்கும் வீட்டின் சுவர்கள் மாடியைத் தாங்கும் என்று அவரே சொல்கிறார். ஆயினும் தனி வீடு என்பது நீ பாலைவெயிலில் நின்று கண்ட ஆசை என்பதை நான் மறக்கவில்லை. உன் அத்தாவோ, புள்ளைய எழுத்துல மடக்கிப் போடாத, அவன் மனை, அவன் முடிவு என்று எச்சரித்தார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதினேன். கலன் வேண்டாம் என்று நீ எழுதினாலும் நான் வருந்த மாட்டேன், தெருவாருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன் சொல் வராமல் ஒரு செங்கல்லையும் தொட விடமாட்டேன்.

வேலைக்கு இறங்குமுன் வயிறாரச் சாப்பிடு. கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பரக்கத்தையும் தருவானாக.

இக்கடிதம் கண்டதும், தை பிறக்குமுன் கிடைக்கும்படி உடனே பதில் எழுதவும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தாயார்
பீ. நூர்னிசா