காரணம் எழுதிய பிறகே

ஜூன் 4

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நீயும் அம்மாவும் நலமா? நான் பழுது பார்க்கும் லிஃப்டுகள் எல்லாம் நலம்.

நாம் மூவரும் இங்கே ஒரே வீட்டில் இருக்க முன்பணம் சேர்க்கிறேன் அல்லவா, அதில் கொஞ்சம் எடுத்து பிட்காயின் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்கும் முன்பும் உனக்கு எழுத வேண்டும் என்ற நம் ஒப்பந்தப்படி காரணம்: ஒரு மாதமாக இறங்கிய விலை இப்போது ஓரிடத்தில் நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விற்றுவிடுவேன். உன் சம்மதம் வந்த பிறகே வாங்குவேன். ஃபோனில் கேட்டால் உன்னைப் பேசியே கவிழ்த்துவிடுவேன். அதனால்தான் தபால்.

உன் அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

காரணத்தை இரண்டு முறை படித்தேன். சம்மதம்.

அம்மாவுக்குத்தான் மனசில்லை. "சீட்டாட்டத்துக்குப் பேரை மாத்தி வச்சிருக்கானுங்க" என்றாள்.

"சீட்டாடுறவன் எப்ப எந்திரிக்கணும்னு முன்னாடியே எழுதி வைப்பானாம்மா?"

"எழுதி வைப்பான். எந்திரிக்க மாட்டான்."

உன் தங்கை

ஜூலை 2

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

விலை சரிந்தது. சொன்ன இடத்தில் விற்றேன். நஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடியது. விற்றுவிட்டுப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல், எழுந்துவிட்டேன் என்று.

அண்ணன்

ஆகஸ்ட் 11

தங்கச்சி,

காரணம் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. கூட வேலை பார்ப்பவன் ஒரு புதுக் காயினைச் சொன்னான். முன்பணம் முழுவதையும் போட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு மடங்கு. இன்னும் ஏறும். உனக்குப் பெரிய புத்தக அலமாரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணன்

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணா,

அலமாரி என்றதும் அதை எந்தச் சுவரில் வைக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தோற்றபோது வந்த கடிதத்தில் நீ சாப்பிட்டதை எழுதியிருந்தாய். ஜெயித்த கடிதத்தில் நாங்கள் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது விற்பாய் என்பதும் இல்லை. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்ட வாய் வரவில்லை.

வாங்கிய பிறகு என் சம்மதம் எதற்கு அண்ணா? இனி எனக்குக் காரணம் எழுத வேண்டாம். தங்கைக்கு எழுதுவதுபோல எழுது, போதும்.

உன் தங்கை

ஆகஸ்ட் 23

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தக் காயினை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'இன்னும் ஏறும்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. வேறு எதுவும் இல்லை என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

விற்றுவிட்டேன். அதற்குள் லாபத்தில் பாதி கரைந்திருந்தது. "சின்னப் பொண்ணுக்குப் பயந்து வித்துட்டியாடா?" என்று காயினைச் சொன்னவன் சிரிக்கிறான். ஆமாம் என்றேன்.

பணம் கையில் இருந்தால் மறுபடியும் காரணம் தேடுவேன். அதனால் நேரே கொண்டுபோய், நமக்குப் பார்த்த வீட்டுக்கு முன்பணமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். தெருவைப் பார்த்த அறை உனக்கு.

அண்ணன்