சனிக்கிழமை கொடுக்காத கடிதம்

என் அருமை மாப்பிள்ளை அருளப்பனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நம் மில் சங்கத்துச் செய்தி மடலில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது நோட்டீஸ் பலகையில் ஒரு மூலைகூடத் தராதவர்கள், இப்போது முழுப் பக்கம் தருகிறார்கள், கறுப்புக் கட்டம் கட்டி. எழுத வேண்டியவன் நான்தான் என்று உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். "சிரிக்கிற மாதிரி எழுதுங்கண்ணா. அவருக்கு அழுமூஞ்சி புடிக்காதுங்க" என்றாள். சரி அம்மணி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது, மாப்பிள்ளை. யாரைப் பார்த்து என்பதுதான் விஷயம்.

முதலில் ஊர்ச் செய்தி. நாச்சிமுத்துதான் இன்னும் சங்கத் தலைவர். மேனேஜர் ரூமுக்கு அவர் போவதற்கு முன்பே அவருடைய வயிறு போய் உட்கார்ந்துகொள்கிறது. மில் கேட்டுக்கு எதிரே நம் டீக்கடையில் டிவி வைத்துவிட்டார்கள், அதனால் என் வாய்க்கு அங்கே மரியாதை இல்லை. வராத ஆட்களுக்குப் பதிலாக வருஷக்கணக்கில் வேலை பார்த்த பதிலிப் பெண்களை நிரந்தரமாக்கிக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அவர்களில் ஒருத்தரும் இப்போது மில்லில் இல்லை. நாச்சிமுத்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சரோஜா தினமும் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறாள். என்னைக் கண்டால், "அருளப்பண்ணன் தேர்தல்ல நின்னிருந்தா இப்படி ஆயிருக்குமாங்க?" என்று கேட்கிறாள். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா ரங்கநாதனை நாலு வார்த்தை திட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

நீ தலைவர் பதவிக்கு மனுப் போட்ட மறுநாள், வெள்ளிக்கிழமை, மில் நிர்வாகம் உன்னைச் சூப்பர்வைசர் ஆக்கியது. ரிங் ஃபிரேமில் பதினெட்டு வருஷம் நூலோடு நூலாக நின்றபோது கண்ணுக்குத் தெரியாத உன் திறமை, ஒரே நாளில் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. சம்பங்கி மாலை வேறு. சூப்பர்வைசர் ஆனவர் சங்கத் தேர்தலில் நிற்கக் கூடாது என்பது நம் சங்க விதி. மாலை போட்டே ஆளை முடிக்கிற வித்தையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீ அசரவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரு தாள் வாங்கி, 'எனக்கு இந்தப் பதவி உயர்வு வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அன்று சாயந்திரத்தோடு மனுத் தாக்கல் முடிகிறது. உனக்கு ஷிப்ட். எனக்கு வார விடுமுறை. "மச்சான், இதக் கொண்டுபோய் டைம் ஆபீஸ்ல குடுத்து முத்திரை வாங்கிப்போடு. மத்தியானத்தோட பூட்டிப்போடுவாங்க" என்றாய். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வழியில் டீக்கடை. நாலு பேர் இருந்தார்கள். மேனேஜர் உனக்கு மாலை போட்டதை நடித்துக் காட்டினேன். நாலு பேர் பத்தானார்கள். "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றார்கள். உன் திகைத்த முகம், அவருடைய தமிழ், மாலையில் இருந்த எறும்பு என்று ஒன்றையும் விடவில்லை. எறும்பு என் சொந்தச் சரக்கு. நான் டைம் ஆபீசுக்குப் போனபோது ஜன்னல் சாத்தியிருந்தது. திங்கட்கிழமை காலையில் கொடுத்தேன். ரங்கநாதன் திங்கட்கிழமை முத்திரையைக் குத்தினான். வேறு எதைக் குத்துவான்?

இதுவரை ஊர் அறியாத பகுதி இதுதான், மாப்பிள்ளை. உன்னையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மனுப் பரிசீலனை நாள் நினைவிருக்கிறதா? சங்க அலுவலக வாசல் முழுக்க ஆட்கள். கடைசி நாளன்று நீ சூப்பர்வைசர்தான், முத்திரையே சாட்சி என்று நாச்சிமுத்து ஆட்சேபம் கொடுத்திருந்தார். தேர்தல் அதிகாரியாக வெளியிலிருந்து வந்த அந்த வெள்ளைத் தலைப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கடுதாசியக் கொண்டுபோனது நீங்கதானுங்களே? முத்திரையத் தள்ளி வையுங்க. அருளப்பன் கைய விட்டு அது என்னைக்குப் போச்சோ, அந்த நாளை நான் எடுத்துக்கறேன். சனிக்கெழமையே உங்க கையில குடுத்து, நீங்க வழியில தாமசம் பண்ணியிருந்தீங்கன்னா ஒளிக்காம சொல்லிப்போடுங்க. மனுவ ஏத்துக்கறேன்."

இதைவிட அகலமாக ஒரு மனிதர் கதவைத் திறக்க முடியுமா? 'ஆமாங்க, டீக்கடையில் நின்று கூத்தடித்துவிட்டேன்' என்று சொன்னால் போதும். நீ தேர்தலில் நிற்பாய்.

வாசலைப் பார்த்தேன். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரையே கிண்டல் செய்து பிழைத்தவன் நான். இனி ஓய்வு பெறும்வரை அந்த மில்லில் நான்தான் கிண்டல் என்று தெரிந்துவிட்டது.

"சனிக்கெழமையே டைம் ஆபீஸ்ல குடுத்துட்டனுங்க" என்றேன்.

ரங்கநாதனைக் கூப்பிட்டார்கள். தபால் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். "சனிக்கெழமை எனக்கு எந்தக் கடுதாசியும் வரலீங்க" என்றான். பெரியவர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. "நீங்க சொல்றது பதிவேட்டோட ஒத்துப்போகலீங்க. உங்க பேச்ச நம்பி எந்த நாளையும் எடுத்துக்க முடியாது. நான் பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று உன் மனுவைத் தள்ளிவிட்டார். நாச்சிமுத்து போட்டியில்லாமல் ஜெயித்தார்.

வாசலில் இருந்தவர்கள் என்னை நம்பினார்கள். நிர்வாகத்திடம் விலை போனவன் என்று ரங்கநாதனுக்குப் பெயர் வந்தது. கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் எழுந்து போனான். 'திங்கட்கிழமை' என்று பட்டப்பெயர். வைத்தது யார் என்று கேட்கிறாயா? நான்தான்.

உன் நுரையீரலைப் பஞ்சு தின்றுகொண்டிருந்தபோது அவன் உன்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தானாமே. "ஆரஞ்சு வாங்கியாந்தான் மச்சான். பேசாம உக்காந்திருந்துட்டுப் போனான்" என்றாய். "பழத்துல என்ன தேதி குத்தியிருக்கான்னு பாத்துத் தின்னு" என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் ரொம்ப நேரம் இருமினாய். அன்றைக்கு நிஜமாகவே சிரித்தாயா, எனக்காகச் சிரித்தாயா?

போன வாரம் கணபதி ஏரியாவில் இருக்கிற ரங்கநாதன் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டான். பெற்றுவிட்டார் என்று எழுதுவதுதான் சரி. "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது எனக்குத் தெரியாதுங்களா?" என்றார். "சனிக்கெழமை கடுதாசி வரலைன்னு எனக்குத்தானுங்க நல்லாத் தெரியும். நம்பறவங்கிட்டயே வந்து சொல்றீங்களே. நம்பாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில அருளப்பன்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"சொல்லத்தானுங்க போனேன். தெனமும் நீங்கதான் வந்து பாத்துக்கறீங்கன்னு அவரு சொன்னாரு. மூச்சுக்கே தவிக்கற மனுசன். அந்த ஒரு ஆளையும் புடுங்கிட்டு வரோணுமான்னு இருந்துட்டனுங்க."

நான் நாக்கை அடகு வைத்துக் காப்பாற்றிய மானம் அந்த நாற்காலியில் உயிரை விட்டது. அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா, சிரிக்கிற மாதிரி எழுதச் சொன்னாய். என்னால் முடிந்தது இவ்வளவுதான், அம்மணி. அச்சுக்குப் போகும் முன்பே இதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். இனி உன் வீட்டுப் படி ஏறலாமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை, வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கப் பொதுக்குழு. நாச்சிமுத்து இருப்பார், சரோஜாவையும் மற்ற பெண்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். ரங்கநாதன் வருவாரா என்று தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் எழுந்து நின்று, அவர் பதிவேட்டில் பொய் இல்லை, பொய் என் வாயில் இருந்தது என்று சொல்வேன். யாரையும் நடித்துக் காட்ட மாட்டேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை உட்கார மாட்டேன்.

நீ கடைசிவரை நம்பிய உன் மச்சான்,
வேலுச்சாமி